மீன் குடலும் ரெம்பிராண்டும்

திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள் இருக்குமே, அங்கேதான் பள்ளி நாட்களில் எனக்கு ஓர் ஆஸ்டெரிக்ஸ், அந்தப் பிரெஞ்சு காமிக்ஸ், கிடைத்தது. அட்டை கிழிந்த பிரதி. ஊருக்குள் ஒரு போலிக் குறிசொல்லி வந்து சேரும் கதை. ஒரு ஃப்ரேமில் அவன் மீனை அறுத்துக் குடலைப் பார்த்துக் குறி சொல்வான். ஊரே கழுத்தை நீட்டிச் சுற்றி நிற்கும். விழுந்து விழுந்து சிரித்தேன்.

பல வருடம் கழித்து, கன்னிமாரா நூலகத்தில் ஓர் ஓவியப் புத்தகத்தைப் புரட்டினால் அதே காட்சி! டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1632இல் வரைந்த டாக்டர் டுல்ப்பின் உடற்கூறு வகுப்பு. மீன் இருந்த இடத்தில் தூக்கிலிடப்பட்ட ஒரு திருடனின் பிணம். அதன் கைத் தசையை இடுக்கியால் தூக்கிக் காட்டுகிறார் மருத்துவர்.

காமிக்ஸ்காரர்கள் பெரிய ஓவியங்களை மலினப்படுத்துகிறார்கள் என்று ஓவியம் படித்த நண்பர் ஒருவர் நேற்று வருத்தப்பட்டார். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. டுல்ப் உடலைத் திறப்பது உண்மையைக் காட்ட. குறிசொல்லி மீனைத் திறப்பது பொய் சொல்ல. சுற்றி நிற்பவர்களின் ஆவல் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். எவ்வளவு பெரிய விஷயம்! ஆஸ்டெரிக்ஸை எழுதிய கோசினியும் வரைந்த உதெர்சோவும் அதை ஒரே ஃப்ரேமில் சொல்லிவிட்டார்கள். மூலத்தை அணு அணுவாக ரசிக்காதவர்களுக்கு இது வருமா? அதற்குப் பிறகுதான் நானும் ரெம்பிராண்டின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிலர் பிணத்தை விட்டுவிட்டு நம்மைப் பார்க்கிறார்கள்.

சரி, ஒன்றில் எனக்கும் நெருடல் உண்டு. இன்னோர் ஆஸ்டெரிக்ஸ் கதையில் கப்பல் மூழ்கிய கொள்ளையர்கள், பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ வரைந்த, தரைதட்டிய மெடூசா கப்பலின் தெப்பத்தில் இருப்பவர்களைப் போலவே ஒட்டிக்கொண்டு மிதப்பார்கள். 1816இல் அந்த நிஜத் தெப்பத்தில் ஏறியவர்கள் சுமார் 147 பேர். மீட்கப்பட்டவர்கள் 15 பேர். அது தெரிந்த பிறகு பழையபடி சிரிக்க முடியவில்லை. ஆனால் அந்தச் சாவுகளைத் தேடிப் படிக்க வைத்ததும் அந்தச் சிரிப்புதான்.

பெரிய ஓவியங்களை இப்படிக் காமிக்ஸுக்குள் கொண்டுவருவதைத் தமிழில் யாராவது செய்யவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ரவிவர்மாவே 1894இல் அச்சகம் தொடங்கி, தன் ஓவியங்களைச் சாதாரண வீட்டுச் சுவர்களுக்கு அனுப்பியவர். அவருடைய சகுந்தலையை நினைத்துப் பாருங்கள். காலில் முள் எடுப்பதுபோல் பாவனை செய்து திரும்பிப் பார்க்கிறாள். துஷ்யந்தன் படத்திலேயே இல்லை. படச் சட்டத்துக்கு வெளியே எங்கோ இருக்கிறான். காமிக்ஸில் முதல் ஃப்ரேமில் அதே திரும்பல். அடுத்த ஃப்ரேமில் அவன் நிற்கிறானா, அதற்குள் போய்விட்டானா? அதை நம்மூர் ஓவியர் ஒருவர் வரைந்து நான் பார்க்கவேண்டும்.