2022 சரிவுக்குக் காரணம் வழக்கு அல்ல, வட்டி

"2022-ல் டெக் பங்குகள் விழுந்ததே கூகுள் மேல் போட்ட ஏகபோக வழக்கால்தான், வட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று சொல்வது தவறு. இதை நம்பி யாராவது காசு போட்டுவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அமெரிக்க நீதித்துறை கூகுள் மேல் வழக்குப் போட்டது 2020 அக்டோபர் 20. அன்றைக்கே கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் பங்கு ஏற்றத்தில்தான் முடிந்தது. 2021-லும் நன்றாக ஏறியது. 2022-ல் மாறியது வட்டி. மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டி இருந்ததை, டிசம்பருக்குள் 4.25–4.50 சதவீதத்துக்குக் கொண்டுபோனது அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ். டெக் பங்குகள் அதிகம் உள்ள நாஸ்டாக் குறியீடு அந்த ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கரைந்தது.

கணக்கு எளிது. பத்து வருடம் கழித்து வரப்போகும் 100 டாலரின் இன்றைய மதிப்பு (அதாவது இன்று போட்டால் அப்போது 100 ஆகும் தொகை), 2 சதவீத வட்டியில் சுமார் 82 டாலர். 5 சதவீதத்தில் 61தான். டெக் நிறுவனங்களின் லாபத்தில் பெரும்பகுதி எதிர்காலத்தில் வரவேண்டியது என்பதால் அடி அங்கேதான் பலமாக விழும். ஏகபோக வழக்கு எதுவும் இல்லாத ஜூம், ஷாப்பிஃபை பங்குகளும் அதே ஆண்டில் பாதிக்கு மேல் விழுந்தனவே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

வழக்குக்குத் தாக்கமே இல்லை என்று சொல்லவில்லை. இந்த வழக்கில், கூகுள் தன் இணைய உலாவியான குரோமை விற்கத் தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் தீர்ப்பு வந்ததும் ஆல்ஃபபெட் ஒரே நாளில் சுமார் 9 சதவீதம் ஏறியது. ஆனால் வழக்கு பெரும்பாலும் சம்பந்தப்பட்ட நிறுவனத்தைத் தொடும். வட்டி மொத்த சந்தையையும் ஆட்டும்.