8 அலகு ஒரு பவுண் ஆகாது

"இந்தத் தங்க அலகில் 8 வாங்கினால் ஒரு பவுண் கையில் இருக்கிற மாதிரி, விலையும் இறங்காது" என்று, தங்க விலையோடு சேர்ந்து மதிப்பு மாறும் டிஜிட்டல் அலகு பற்றி ஒருவர் எழுதியிருப்பது பிழை, தம்பி. ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் சீட்டுக்காசை இதில் போட நினைப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

ஒரு அலகு, 24 கரட் தங்கத்தின் ஒரு கிராம் விலையில் ஓடுகிறது. 8 கிராம் எடையுள்ள 22 கரட் பவுணில் சுத்தத் தங்கம் 7.33 கிராம்தான். ஒரு கிராமின் விலைக்கு, உலகச் சந்தை அவுன்ஸ் விலையை 31.1035 ஆல் (தங்க அவுன்ஸில் உள்ள கிராம்) பிரித்து டொலர் வீதத்தால் பெருக்குங்கள். சமையல் அவுன்ஸ் என்று நினைத்து 28.35 ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 10 வீதம் கூடக் காட்டும். இந்தப் பிழைதான் அதிகம் நடக்கிறது.

விலை இறங்கும். 2011 செப்டெம்பரில் 1,900 டொலரைத் தொட்ட அவுன்ஸ், 2015 டிசம்பரில் 1,050 அளவுக்கு வந்தது.

அதைவிடப் பெரிய விஷயம், விலையோடு சேர்ந்து உங்கள் கணக்கில் எண் மாறுவதால் மட்டும் பெட்டகத்தில் தங்கம் இருப்பதாக ஆகாது. கட்டிகளின் தொடரிலக்கம், வெளியாள் கணக்காய்வு, உலோகமாகத் திருப்பி எடுக்கக்கூடிய ஆகக் குறைந்த அளவு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி, இந்த நான்கையும் எழுத்தில் கேளுங்கள். உண்மையான தங்கம் வைத்திருந்த ஈ-கோல்ட் (e-gold) என்ற இணையத் தங்கக் கணக்குச் சேவையே 1996இல் தொடங்கி, 2007இல் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தபின் முடங்கியது. அவசரத்துக்குப் பவுணை அடகு வைக்கலாம். இந்த அலகை எந்த அடகுக்கடையில் நீட்டுவீர்கள்?