மூக்குக்குத் தெரியாது

தேதி தாண்டிப் பன்னிரண்டு நாளான தயிரை ஒருவர் சாப்பிட்டுக் காட்டும் அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை எதிர்த்து அதன் கீழே நான் போட்ட கமெண்டையும் அதற்கு வந்த பதில்களையும் பார்த்திருப்பீர்கள். 'உனக்கு எதற்கு இந்த வேலை' என்று இரண்டு நாளாக இன்பாக்ஸில் கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் சொன்னதில் பாதி சரி. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். மூடி பிரிக்காமல் ஃப்ரிட்ஜில் இருந்த தயிரைத் தேதி தாண்டிப் பன்னிரண்டு நாள் கழித்துச் சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தயிரின் புளிப்பில் பல கிருமிகள் வளர முடியாது. 'பெஸ்ட் பிஃபோர்' என்று போட்டிருப்பது ருசிக்கும் பதத்துக்குமான தேதி. அது தாண்டினால் பிஸ்கட் நமுத்துப் போகும், அவ்வளவுதான். 'யூஸ் பை' என்று போட்டிருந்தால் கதை வேறு. அது உடம்புக்கு ஆபத்து வரக்கூடிய பொருளுக்கான தேதி. இறைச்சி, மீன் போலச் சீக்கிரம் கெடுகிறவற்றுக்குப் போடுவது. இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல உணவைக் கொட்டுகிறோம் என்று அவர் வருத்தப்பட்டார். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் உலகத்தில் சுமார் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் 60 சதவீதம் வீடுகளில்.

என்னைக் கோபப்படுத்தியது வீடியோவின் கடைசி அரை நிமிடம். 'இறைச்சிக்கும் இதேதான். மோந்து பாருங்கள். நாற்றம் இல்லையா, தைரியமாகச் சாப்பிடுங்கள்' என்கிறார். அப்புறம் 'ஒரு மணி நேரம் கழித்து' என்று எழுத்துப் போட்டு, கட்டைவிரலைக் காட்டுகிறார். எதுவும் ஆகவில்லையாம்.

உணவை நாற வைக்கிற கிருமிகள் வேறு, ஆளைப் படுக்க வைக்கிற கிருமிகள் வேறு. சில சமயம் இரண்டும் சேர்ந்து இருக்கும், பல சமயம் இருக்காது. சால்மோனெல்லா என்ற கிருமி ஏறிய உணவு பார்க்கவும் மணக்கவும் ருசிக்கவும் நல்ல உணவு போலவேதான் இருக்கும். லிஸ்டீரியா என்று ஒன்று இருக்கிறது, அது 4 டிகிரி குளிரில், ஃப்ரிட்ஜுக்குள்ளேயே மெதுவாகப் பெருகும். மூக்குக்குத் தெரியாது. எவ்வளவு அனுபவம் உள்ள சமையல்காரராக இருந்தாலும் தெரியாது. அந்த ஒரு மணி நேரக் கட்டைவிரலுக்கும் அர்த்தமில்லை. சால்மோனெல்லா வேலையைக் காட்ட 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் வரை ஆகலாம். லிஸ்டீரியாவுக்கு 70 நாள் வரைகூட ஆகும். அதனால்தான் நாம் எப்போதும் கடைசியாகச் சாப்பிட்டதைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது அப்பா விஷயம். நெருங்கியவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொன்னதில்லை.

அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. வேகவைத்து மெல்லிசாகச் சீவிய கோழிக்கறி பாக்கெட் ஒன்று ஃப்ரிட்ஜ் கதவில் இருந்தது. நான் பிரித்து எட்டு நாள் ஆகியிருந்தது. வீட்டில் வேறு யாரும் தொடவில்லை, நானும் மறந்துவிட்டேன். அன்று ராத்திரி அப்பா அதை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துத் தேதியைப் படித்தார். 'இன்னும் நாலு நாள் இருக்கும்மா' என்றார். மோந்தும் பார்த்தார். நானும் மோந்து பார்த்தேன். நல்ல மணம்தான். 'சாப்பிடுங்கப்பா' என்று சொன்னது நான். அந்தத் தேதிக்குக் கீழேயே பொடி எழுத்தில் 'பிரித்தபின் 3 நாட்களுக்குள் பயன்படுத்தவும்' என்று இருந்ததை மறுநாள் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துப் படித்ததும் நான்.

பாக்கெட்டில் இருக்கும் தேதி பிரிக்காத பாக்கெட்டுக்கு. சொன்னபடி குளிரில் வைத்த பாக்கெட்டுக்கு. நீங்கள் பிரித்த நிமிடமே அந்தத் தேதி செல்லாது. ஃப்ரிட்ஜ் கதவுதான் உள்ளே இருப்பதிலேயே சூடான இடம் என்பதும் எனக்கு அப்புறம்தான் தெரியும்.

மறுநாள் மதியம் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. ராத்திரிக்குள் ஏழு முறை போனார். தண்ணீர் குடித்தால் மறுபடி போகும் என்று பயந்து குடிக்கவே மாட்டேன் என்றார். அதுதான் அவரைச் சாய்த்தது. விடியற்காலையில் என்னை அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அம்மா போய் ஆறு வருஷம். ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி டிரிப்ஸ் ஏறியது. இந்த ஒன்றையாவது மனதில் வையுங்கள்: வயிற்றால் போகும்போதெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓஆர்எஸ் என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கிடைக்கவில்லை என்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக்கூடாது. ஆள் குழறிப் பேசினாலோ, ரத்தம் போனாலோ வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

'அந்தக் கறியால்தான் என்று என்ன நிரூபணம்?' என்று ஒருவர் கேட்டிருந்தார். நிரூபணம் இல்லை. எந்தக் கிருமி என்று பரிசோதனையில் வரவில்லை. வீட்டில் அதை அவர் மட்டும்தான் சாப்பிட்டார், அவர் மட்டும்தான் விழுந்தார். எனக்கு அது போதும். உங்களுக்குப் போதவில்லை என்றால் நான் என்ன செய்ய முடியும்?

'பாட்டி காலத்தில் ஃப்ரிட்ஜே இல்லை, அவர்களெல்லாம் வாழவில்லையா?' வாழ்ந்தார்கள். ஆக்கியதை அப்போதே சாப்பிட்டார்கள். மிஞ்சாத அளவுக்குத்தான் ஆக்கவும் முடிந்தது. வாந்திபேதியில் போன குழந்தைகளும் அந்தக் காலத்தில்தான் இருந்தார்கள். என் பாட்டிக்குப் பிறந்தது ஒன்பது, தங்கியது ஐந்து. எதனால் போனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

'நன்றாகச் சூடு பண்ணினால் எல்லாம் செத்துவிடும்.' பெரும்பாலான கிருமி சாகும். சில கிருமிகள் விட்டுப்போன நஞ்சு சாகாது. சோற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து உலையில் கொதித்தும் பிழைத்துக்கொள்ளும். சோற்றை அப்படியே வெளியே விட்டால் முளைத்து, பெருகி, நஞ்சை விடும். வசதியான சூட்டில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்தக் கணக்கில் ஒன்று 6 மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். அப்புறம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த வாந்தி நஞ்சு போகாது. அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வை என்கிறார்கள். இதைப் போன வருஷம் எழுதியபோதும் சிரித்தீர்கள்.

'கம்பெனிக்காரன் விற்பனைக்காகத் தேதியைக் குறைத்துப் போடுகிறான்' என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. போடலாம். அதற்காக என் அப்பா வயிற்றில் பரிசோதனை பண்ண முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், கெட்ட உணவால் வருஷத்துக்கு 60 கோடிப் பேர் நோய்ப்படுகிறார்கள், 4,20,000 பேர் சாகிறார்கள். அதில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகள். வீடியோ எடுத்தவர் திடகாத்திரமானவர், அவர் தாங்குவார். அவர் பேச்சை நம்பி மோந்து பார்த்துவிட்டு ஊட்டுவது யாருக்கு? கைக்குழந்தைக்கு, படுத்திருக்கிற பெரியவருக்கு, வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு. லிஸ்டீரியா வந்தால் தாய்க்கு லேசான காய்ச்சலோடு போய்விடும், பிள்ளை கலைந்துவிடலாம். தட்டில் வைத்ததைச் சாப்பிடுகிறவர்கள் இவர்கள். யாரும் இவர்களைக் கேட்டு வைப்பதில்லை.

அப்புறம், ஏதாவது ஆகிவிட்டால் எல்லோரும் யாரைப் பார்ப்பார்கள்? ஆக்கியவளைத்தான். 'என்னத்தைப் போட்டே?' என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து என்னைக் கேட்டார்கள். கொட்டினால் 'காசின் அருமை தெரியாதவள்', கொடுத்தால் 'கவனம் இல்லாதவள்'. ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னால் 'பயந்தாங்கொள்ளி'.

இப்போது எங்கள் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஒரு மார்க்கர் பேனா கயிற்றில் தொங்குகிறது. எதைப் பிரித்தாலும் மூடியில் பிரித்த தேதியை எழுதுவது அப்பாதான். நடுங்குகிற கையெழுத்து. இதனால் உணவு கூடுதலாக வீணாவதில்லை. எது முதலில் முடிய வேண்டும் என்று தெரிவதால் முன்பைவிடக் குறைவாகத்தான் கொட்டுகிறோம்.

என் கமெண்டுக்குக் கீழே 'பயந்தாங்கொள்ளி' என்று பதில் போட்டது யாரோ இல்லை. பதினெட்டு வருஷத்துத் தோழி. பெயர் சொல்ல மாட்டேன், படித்தால் அவளுக்கே தெரியும். நீ இரண்டாம் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு ஃப்ளாஸ்க்கோடு வந்தாய். அப்பா கையில் ஊசி ஏறி வீங்கியிருந்ததைத் தடவிக் கொடுத்தாய். நீயே அப்படி எழுதியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த வீடியோவை நீ ஷேர் பண்ணியதை எடு என்று கேட்கவில்லை. தயிர் வரைக்கும் வைத்துக்கொள், அந்தக் கடைசி அரை நிமிடத்தை மட்டும் வெட்டிவிடு.