ஃபெண்டர் கம்பெனிக்கு ஒரு வேண்டுகோள்: டோனைத் தொடாதீர்கள், மற்றதைச் சரிசெய்யுங்கள்

ஃபெண்டர் கம்பெனியை நிறுவிய லியோ ஃபெண்டருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் 1938-இல் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தவர் அவர். அவர் காலத்து ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி) ஒன்றைத் திறந்து பார்த்தால் இது உடனே விளங்கும். ஒரு ஃபைபர் அட்டை, அதில் வரிசையாக ரெசிஸ்டர்களும் கெப்பாசிட்டர்களும். எதையும் தனியாகக் கழற்றி மாற்றலாம். ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களான ட்யூப்களில் எது எங்கே என்று காட்டும் தாள் பெட்டிக்குள்ளேயே ஒட்டியிருக்கும். 1960களின் ஆம்ப்கள் இன்றும் மேடை ஏறுவதற்கு அவற்றின் டோன் (ஒலியின் தன்மை) எவ்வளவு காரணமோ, இந்த ரிப்பேர்க்காரர் புத்தியும் அவ்வளவு காரணம்.

இன்றைய ஃபெண்டர் ட்யூப் ஆம்ப்களில் இந்தப் புத்திதான் குறைந்துவிட்டது என்பது என் ஆதங்கம்.

ஹாட் ராட் டீலக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 40 வாட், இரண்டு 6எல்6 பவர் ட்யூப், ஒரு 12 இஞ்ச் ஸ்பீக்கர். 1990களின் நடுவில் வந்து உலகம் முழுக்க ஓடும் ஆம்ப். ஆனால் ட்யூப் சாக்கெட்கள் சர்க்யூட் போர்டிலேயே உட்கார்ந்திருக்கின்றன. ட்யூபின் சூடு முழுக்க போர்டுக்கு இறங்கும். ஒவ்வொரு முறை ட்யூபைப் பிடுங்கும்போதும் சால்டர் பற்றுகள் இழுபடும். இதுபோக, உள்ளே இருக்கும் இரண்டு 5 வாட் ரெசிஸ்டர்கள் கொதித்துக் கொதித்து, சுற்றியுள்ள போர்டு பழுப்பேறி, பற்று விட்டுப்போவது ஆம்ப் மெக்கானிக்குகள் எல்லோரும் அறிந்த வியாதி. சாக்கெட்டை இரும்பு சேசிஸில் (உள் சட்டத்தில்) பொருத்தி ஒயர் இழுங்கள். அந்த ரெசிஸ்டர்களையும் சேசிஸில் பொருத்தும் வகையாகப் போடுங்கள். விலை கொஞ்சம் ஏறும். ஏறட்டும், நான் தருகிறேன்.

பயஸ் விஷயமும் அப்படித்தான். பவர் ட்யூப் மாற்றினால் பயஸை, அதாவது கிட்டார் வாசிக்காதபோதும் ட்யூபில் ஓடும் மின்னோட்டத்தின் அளவை, சரிபார்க்க வேண்டும். அதற்கு சேசிஸை வெளியே எடுத்து, 400 வோல்ட் ஓடும் இடத்தில் மீட்டரை வைக்க வேண்டியிருக்கிறது. ஆம்பை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும், உயிருக்கே ஆபத்து. பின்பக்கம் இரண்டு டெஸ்ட் பாயிண்ட்டும் ஒரு சின்ன திருகும் வைத்தால் முடிந்தது. வேறு சில கம்பெனிகள் இதை எப்போதோ செய்துவிட்டன.

அடுத்தது சத்தம். டீலக்ஸ் ரிவெர்ப் என் மனசுக்கு மிக நெருக்கமான ஆம்ப். இரண்டு 6வி6 பவர் ட்யூப், 22 வாட். அதன் அழகு வால்யூம் குமிழ் பாதியைத் தாண்டி, ட்யூப் லேசாக கரகரக்கத் தொடங்கும் இடத்தில்தான் இருக்கிறது. வீட்டில் அந்த இடத்துக்குப் போகவே முடியாது. 'பாதி வாட் ஸ்விட்ச்' வைத்தால் போதும் என்பவர்கள் ஒரு கணக்கை மறக்கிறார்கள். வாட்டைப் பாதியாக்கினால் குறைவது வெறும் 3 டெசிபல். காதுக்குச் சத்தம் பாதியாகத் தெரிய 10 டெசிபல் குறைய வேண்டும், அதாவது 22 வாட் 2.2 வாட் ஆக வேண்டும். அந்த 2.2 வாட்டே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டப் போதுமானது!

இது ஃபெண்டருக்கு நன்றாகவே தெரியும். 2019-இல் வந்த, ட்யூப் இல்லாத டிஜிட்டல் டோன் மாஸ்டர் டீலக்ஸ் ரிவெர்பின் பின்பக்கத்தில் 22 வாட்டிலிருந்து 0.2 வாட் வரை இறக்கும் குமிழ் இருக்கிறது. மிக்ஸருக்கு நேரடியாக அனுப்பும் எக்ஸ்எல்ஆர் கேபிள் வழியும் இருக்கிறது. ட்யூபை நம்பி அதிகக் காசு கொடுப்பவனுக்கு மட்டும் இது ஏன் இல்லை? சத்தம் குறைந்தால் ஸ்பீக்கர் அசைவது குறையும், காதுக்கு பாஸும் குறைவாகவே கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் ஸ்பீக்கரைப் போலவே நடந்துகொள்ளும் ரியாக்டிவ் லோடோடு நல்ல அட்டனுவேட்டர் (ஸ்பீக்கருக்குப் போகும் சக்தியைக் குறைக்கும் கருவி) செய்ய முடியும். 100% அதே டோன் கிடைக்காவிட்டாலும், வால்யூமை 3-க்கு மேல் திருப்பவே முடியாத ஆம்பை விட அது எவ்வளவோ மேல்.

அப்புறம், சாதாரண '65 டீலக்ஸ் ரிவெர்பில் (1965 மாடலின் மறுபதிப்பு) இருக்கும் இரண்டு சானல்களில் முதலாவதற்கு ரிவெர்பும் (எதிரொலி) இல்லை, ட்ரெமோலோவும் (சத்தம் ஏறி இறங்கித் துடிப்பது) இல்லை. பாதி ஆம்ப் சும்மா கிடக்கிறது. '68 கஸ்டம் மாடலில் இரண்டு சானலுக்கும் கொடுத்திருக்கிறார்கள், யாரும் குறை சொல்லவில்லை. '65-இல் நடுத்தர ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் மிடில் குமிழும் கிடையாது. அந்த இடத்தில் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. முன்பக்கத்தின் பழைய தோற்றம் கெடக்கூடாது என்றால் பின்பக்கம் வையுங்களேன்.

மாற்றக்கூடாத ஒன்றும் உண்டு. ஸ்பிரிங் ரிவெர்ப் டேங்க், அதை ஓட்டும் ட்யூப், சின்ன பல்பு மின்னி மின்னி இயக்கும் ட்ரெமோலோ, இவற்றில் ஒரு நூல் கூட விலகக் கூடாது. செலவைக் குறைக்கிறேன் என்று இந்தப் பக்கம் வந்தால் அது டீலக்ஸ் ரிவெர்பே இல்லை.

எடையையும் சொல்லியாக வேண்டும். ட்யூப் மாடல் சுமார் 19 கிலோ, டோன் மாஸ்டர் பத்தரை கிலோவுக்குள். ட்ரான்ஸ்ஃபார்மர்களின் எடையை ஒன்றும் செய்ய முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டோன் மாஸ்டரில் இருக்கும் எடை குறைந்த நியோடிமியம் காந்த ஸ்பீக்கரையும் பைன் மரப் பெட்டியையும் ட்யூப் மாடலுக்கு ஒரு ஆப்ஷனாகவாவது தரலாம். இரண்டு மூன்று கிலோ குறைந்தாலே லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் மூன்றாவது மாடிக்கு ஆம்ப் தூக்குகிறவர்கள் வாங்குவார்கள், நான் உட்பட.