பெரிய ஸ்பீக்கருக்கு மனைவியிடம் சம்மதம் வாங்க நினைப்பவர்களுக்கு, சம்மதித்த ஒரு மனைவி எழுதுவது

ஆடியோ பைத்தியம் பிடித்த ஆண்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் "எல்லாம் சரிதான், வீட்ல ஒத்துக்கணுமே" என்பதில்தான் வந்து நிற்கும். உடனே ஆளுக்கொரு தந்திரம் சொல்வார்கள். விலையில் பாதியை மட்டும் சொல்லு. நண்பனுடையது, கொஞ்ச நாள் வைத்திருக்கச் சொன்னான் என்று சொல்லு. முதலில் ஆள் உயரத்துக்கு ஒன்றைக் காட்டி மிரட்டிவிட்டு, அப்புறம் இடுப்பு உயரத்தில் ஒன்றைக் காட்டு, "அப்பாடா" என்று தலையாட்டிவிடுவாள். அவள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து இறக்கிவிடு.

என் கணவரும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான். எங்கள் ஹாலில் என் நெஞ்சு உயரத்துக்கு இரண்டு டவர் ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. நான் தெரிந்தே ஒத்துக்கொண்டு வந்தவை. அதனால் எதிர்த்தரப்பிலிருந்து நாலு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தந்திரங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அட்டைப்பெட்டியின் மேலேயே மாடல் பெயர் இருக்கிறது, போனில் தட்டினால் விலை வந்துவிடும். நாங்கள் கேட்காமல் விடுவது தெரியாததால் அல்ல.

இந்த வழக்கு பழையது. 1983-ல் ஸ்டீரியோஃபைல் என்ற அமெரிக்க ஆடியோ இதழில் லாரி கிரீன்ஹில் என்ற விமர்சகர் குவாட் ஈஎஸ்எல்-63 ஸ்பீக்கரைப் பற்றி எழுதும்போது, தன் மனைவி அதை ஹாலில் வைக்க எந்த அளவுக்கு ஒத்துக்கொள்வார் என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்துக்கொண்டார். அது அப்படியே பரவி, ஆடியோ உலகத்தின் நிரந்தரக் கேலியாகிவிட்டது. கேலியின் சாரம் இதுதான்: ஆணுக்குக் காது, பெண்ணுக்குக் கண். அவன் இசையைக் கேட்கிறான், அவள் திரைச்சீலைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கிறாள்.

இதை நான் நம்பத் தயாராக இல்லை. 1994-ல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஒலி ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். அதே ஆட்கள், அதே ஸ்பீக்கர்கள். ஒரு சுற்றில் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். இன்னொரு சுற்றில் கண்ணெதிரே வைத்தார்கள். கண்ணால் பார்த்ததும் மதிப்பெண்கள் மாறிவிட்டன. பெரிய, விலை கூடிய பெட்டிகளுக்கு ஏறியது, சின்ன மலிவான செட்டுக்கு இறங்கியது. கேட்டுப் பழகிய காதுக்காரர்களும் இதற்கு விலக்கு இல்லை. ஆக, பெட்டியைக் கண்ணால் கேட்பது நாங்கள் மட்டும் இல்லை. இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

மனைவிக்கு ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பவர்கள், ஸ்பீக்கர் ஓடும்போது அவள் வீட்டில் எங்கே இருக்கிறாள் என்று யோசித்திருக்கிறீர்களா?

ஸ்டீரியோ என்பது ஓர் ஆளுக்கான ஏற்பாடு. இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருந்தால்தான், பாடுகிறவர் நட்ட நடுவில், பெட்டியே இல்லாத இடத்தில் வந்து நிற்பார். அந்த மூன்றாவது முனையில் ஒரு நாற்காலிதான் போட முடியும். அதில் யார் உட்கார்ந்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. சோபாவின் ஓரத்தில் உட்கார்கிறவளுக்கு ஒரு பெட்டி பக்கத்திலும் மற்றது தூரத்திலும் இருக்கும். முதலில் வந்து சேரும் ஒலி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் காது சாயும். ஆகவே உங்களுக்கு நடுவில் நிற்கும் பாடகர், எங்களுக்குப் பக்கத்துப் பெட்டிக்குள் அடைந்து கிடப்பார்.

அடுத்த அறையில் இருந்தால் இன்னும் மோசம். பேஸ் என்னும் அடி ஒலியில், 40 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 40 அதிர்வு), ஓர் அலை எட்டரை மீட்டர் நீளம். கதவும் மெல்லிய சுவரும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. குரலும் வயலினும் வழியிலேயே மங்கிவிட, சுவரைத் தாண்டி வருவது "தும் தும்" மட்டும்தான். நீங்கள் நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்கும் அதே நேரத்தில், எங்களுக்கு வந்து சேர்வது அந்தப் பாட்டின் கசடு. கூடவே எந்நேரமும் கண்ணில் படும் இரண்டு கறுப்புப் பெட்டிகள். இந்த நிலைமையில் இருப்பவளிடம் போய் "உனக்கு ரசனை இல்லை" என்றால் அவள் என்னதான் சொல்வாள்?

என் கணவர் செய்த புத்திசாலித்தனமான காரியம் ஒன்று உண்டு. ஒருநாள் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, அவர் சுவர் ஓரமாகத் தரையில் போய் உட்கார்ந்துகொண்டார். கண்ணாடி உடைகிற சத்தம், டிரம்ஸ் கச்சேரி, ரயில் வருவது என்று இந்த ஆடியோ ஆட்கள் சோதனைக்கென்றே வைத்திருக்கும் இசைத்தட்டுகள் எதையும் போடவில்லை. நான் வேலை செய்துகொண்டே முணுமுணுக்கிற பழைய பாட்டுகளைப் போட்டார். சத்தமாகவும் வைக்கவில்லை. "இப்ப பாரு, இப்ப வரும் பாரு" என்று நடுவில் வர்ணனை இல்லை. (இந்த வர்ணனையை விட்டாலே பாதி சம்மதம் கிடைத்துவிடும் என்பது என் கணிப்பு.) பல வருஷமாகக் கேட்ட பாட்டில், பல்லவி எடுப்பதற்கு முன் பாடகி மூச்சு இழுப்பது கேட்டது. நன்றாகத்தான் இருந்தது, சொன்னேன்.

ஆனால் பாட்டு பிடித்தது, பெட்டி பிடிக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பது உங்களில் பலருக்குப் புரிவதே இல்லை. நல்லா இருக்கு என்று வாயிலிருந்து வந்த மறுநிமிடம் ஆர்டர் போட்டுவிடுகிறீர்கள்.

அடுத்து நான் கேட்ட கேள்வி: இவ்வளவு நல்லா கேட்கணும்னா இவ்வளவு பெரிசா இருக்கணுமா?

இதற்கு உங்கள் ஆட்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், "கேட்டவங்களுக்குத்தான் தெரியும்". அவர் அப்படிச் சொல்லவில்லை. காகிதத்தை எடுத்து வரைந்து விளக்கினார். கேஎல்எச் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் நிறுவனத்தை 1957-ல் தொடங்கிய மூவரில் ஒருவர் ஹாஃப்மன், பெயரில் உள்ள எச் அவர்தான். அவர் பெயரில் ஒரு விதி இருக்கிறது. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சக்தியில் நிறையச் சத்தம், இந்த மூன்றில் எந்த இரண்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது. அதிர்வெண் பாதியாகக் குறையும்போது அதே சத்தம் வர வேண்டுமானால் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். காற்றைத் தள்ள அகலமான வூஃபர், அதாவது பேஸ் ஒலிக்கான கூம்பு, வேண்டும், வூஃபருக்குப் பின்னால் இடம் வேண்டும். பெட்டி பெரிதாவது இதனால்தான், கம்பெனிக்காரனின் திமிரால் அல்ல.

எனக்கு இந்த விளக்கம் பிடித்திருந்தது. ஒப்புக்கொள்ள வைக்கும் உத்தியாக இல்லாமல், எனக்கும் புரியும் என்று நம்பிச் சொன்னார். ஆனால் விளக்கினால் எதிர்க்கேள்வி வரும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். நான் தேடிப் படித்ததில் 1954-லேயே எட்கர் வில்ச்சர் என்பவர், மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தி ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரைச் செய்திருக்கிறார். அந்த அளவுப் பெட்டியிலிருந்து அப்படியொரு பேஸ் அதுவரை வந்ததில்லை. அதற்குப் பதிலாக ஆம்ப்ளிஃபையர் அதிகம் உழைக்க வேண்டியிருந்தது. மூன்றில் இரண்டு என்ற அதே கணக்குதான். ஆனால் இன்றைக்கு வாட்ஸ் ஒரு பிரச்சினையா? அலமாரியில் வைக்கும் அளவில் இரண்டு சின்ன புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர், பேஸுக்கென்றே தனியாக ஒரு சப்வூஃபர். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குச் சரியாகப் பிடிபடாது. ஆகவே சப்வூஃபரை சோபாவுக்குப் பக்கத்தில் எங்கேயாவது ஒளித்துவிடலாம். சாதாரண ஹாலுக்கு இது போதாதா?

போதும் என்பதுதான் நேர்மையான பதில். பெரும்பாலான வீடுகளுக்கு அது போதும் என்றே நான் இன்றும் நினைக்கிறேன். அவரும் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டு, கடைசியில் சொன்னார்: "போதும்தான். ஆனா எனக்குப் பெரிசா இருந்தா பிடிச்சிருக்கு. சின்ன வயசுல இருந்து ஆசை."

நான் இறங்கி வந்தது அந்த இடத்தில்தான். மேலே சொன்ன 1994 சோதனை ஞாபகம் இருக்கிறதல்லவா? பெட்டியைப் பார்ப்பதும் உங்கள் சந்தோஷத்தில் ஒரு பங்கு. அதை ஒத்துக்கொள்ளாமல் அதிர்வெண், டெசிபல் என்று அறிவியல் போர்வை போர்த்திக்கொண்டு வந்தால், நாங்களும் பதிலுக்கு அழகு, இடம், தூசி என்று வழக்காடுவோம். ஆசை என்று சொல்லிக் கேட்டால் அது வேறு பேச்சு. கட்டிக்கொண்டவரின் ஆசை, முடிந்தால் செய்வோம் என்று தோன்றுகிறது. முடியாவிட்டால் முடியாது என்று சொல்வதும் சுலபம்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் பேரம். அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பெரிய சண்டை சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதில். அவருக்கு ஸ்பீக்கர் சுவரை விட்டு ஒரு மீட்டராவது முன்னால் வர வேண்டும். வந்தால் நான் நடக்கிற வழி போய்விடும். சுவரை ஒட்டினால் பேஸ் கூடி உப்பிப்போகும் என்றார். சரிதான். ஆனால் ஒரு மீட்டரும் பரிசுத்தமான தூரம் இல்லை. பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஏறக்குறைய 86 ஹெர்ட்ஸில் நேரே வரும் ஒலியோடு மோதி அதை அமுக்கிவிடும். எங்கே வைத்தாலும் ஏதோ ஒன்று போகத்தான் போகிறது. ஆகவே நடுவழி கண்டோம். தரையைக் குத்தும் கூர்முனை ஆணிகளைக் கழற்றிவிட்டு, நழுவும் அடிப்பட்டைகளை ஒட்டினோம். கேட்கும்போது முன்னால் இழுத்துக்கொள்ளலாம், தரையில் டேப் ஒட்டிய அடையாளம் இருக்கிறது. கேட்டு முடித்ததும் தள்ளிவிட வேண்டும். தள்ளி வைத்திருக்கும் நேரத்துக்கு, பேஸுக்காகப் பெட்டியின் பின்பக்கம் விட்டிருக்கும் துளையை அடைக்க நுரைப்பஞ்சு ஒன்று கூடவே வந்தது.

குழந்தைகள் உள்ள வீடென்றால் கிரில் துணியைக் கழற்றக்கூடாது. உச்ச ஒலிகளுக்கான ட்வீட்டர் குமிழ் சின்ன விரலுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது, ஒருமுறை அமுக்கினால் போச்சு. டவர் ஆடாமல் இருக்க அடியில் அகலமான கால் வேண்டும். இதெல்லாம் மனைவி சொல்லும் முன் நீங்களே சொல்ல வேண்டியவை.

கம்பளம் விஷயத்தில் மட்டும் இரு தரப்புக்கும் லாபம். எனக்கு ரொம்ப நாளாகக் கனமான தரைவிரிப்பு ஒன்று வாங்க ஆசை, தேவையில்லாத செலவு என்பார். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே தரையில் பட்டுத் தெறிக்கும் ஒலியை அது உறிஞ்சும் என்று தெரிந்ததும், அவரே அளவெடுத்துக்கொண்டு வந்தார். கனத்த திரைச்சீலை, புத்தகம் நிறைந்த அலமாரி எல்லாம் அப்படித்தான். வெற்று ஹாலில் கத்துகிற ஸ்பீக்கர், குடித்தனம் நடக்கும் ஹாலில் ஒழுங்காகப் பாடும். இதை யாரும் ஏன் முன்பே சொல்லவில்லை என்று தெரியவில்லை.

அழகைப் பற்றி எங்களுக்கு மட்டும்தான் கவலை என்பதும் பொய். 1946-ல் பால் கிளிப்ஷ் செய்த கிளிப்ஷ்ஹார்ன், அறை மூலையின் சுவர்களையே தன் ஹார்னின், அதாவது ஒலியைப் பெருக்கும் கூம்பின், நீட்சியாக வைத்துக்கொண்டு, யாருக்கும் தேவைப்படாத மூலையில் போய் உட்கார்ந்தது. 1957-ல் வந்த ஜேபிஎல் பாராகன், இரண்டு ஸ்பீக்கரையும் சேர்த்து ஒன்பது அடி அகலத்தில் ஒரே மர அலங்கார மேஜையாகவே செய்தது. அதே 1957-ல் வந்த முதல் குவாட் ஈஎஸ்எல், ரூம் ஹீட்டர் போல இருந்தது. ஒலிக்கு இன்றும் கொண்டாடுகிறார்கள். அதை ஹாலில் வைத்த வீட்டுப் பெண்களைத்தான் நான் கொண்டாடுவேன். எங்கள் வீட்டில் நிறம் என் முடிவு: கறுப்பு வேண்டாம், மர நிறம். ஒலியில் வித்தியாசம் வராது என்பதால் அவரால் எதிர்வாதம் பண்ண முடியவில்லை.

ரிமோட் பற்றி ஒரு விதி வைத்திருக்கிறோம். பாட்டைக் கேட்காமல் வீட்டில் இருப்பவர் குறைக்கச் சொன்னால் குறைக்க வேண்டும், பேச்சு கிடையாது. குறைத்தால் பேஸே காணாமல் போகிறது என்று என் கணவர் புலம்புவார். அது காதின் குணம், 1933-லேயே ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து சொன்னது: சத்தம் குறையக் குறைய அடி ஒலிகள்தான் காதுக்கு முதலில் மங்கும். அதற்கென்றுதான் பல ஆம்ப்ளிஃபையர்களில் பேஸைக் கூட்டிக்கொடுக்கும் லவுட்னஸ் பொத்தான் வைத்திருக்கிறார்கள், அதை அழுத்துங்கள் என்றேன். தூய்மைவாதிகள் அதைத் தொடமாட்டார்களாம்.

எல்லா வீட்டிலும் ஆசை ஆணுக்கும் தடை பெண்ணுக்கும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. என் தோழி ஒருத்தி டவர் ஸ்பீக்கருக்கு ஏங்குகிறாள். "சவுண்ட்பார் போதாதா, இடத்தை அடைக்கும்" என்கிறார் அவள் கணவர். நாங்கள் சொல்லும் அதே வசனம், அச்சுப் பிசகாமல். அவளுக்கும் இதே யோசனையைத்தான் சொன்னேன்: நடு நாற்காலியை அவருக்குக் கொடு, அவர் பாட்டைப் போடு, வாயை மூடிக்கொண்டு இரு. அதற்கு அப்புறமும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஹால் இரண்டு பேருக்கும் சொந்தம்.

எங்கள் வீட்டில் இப்போது சப்வூஃபர் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்று இல்லையாம், இரண்டாம். அறையில் ஓரிடத்தில் பேஸ் குவிந்து இன்னோரிடத்தில் இல்லாமல் போவதை இரண்டு வைத்தால் கொஞ்சம் சமன் செய்யலாம் என்கிறார். தேடிப் படித்துப் பார்த்தேன், அவர் சொல்வது சரிதான். ஆனால் அவர் கேட்கும் மூலைகளில் ஒன்றில் என் தையல் மெஷின் இருக்கிறது. அதை எங்கே நகர்த்துவது என்று அவர் முதலில் வரைந்து காட்டட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.