டோரி கேட்ட மன்னிப்பு

‘ஃபைண்டிங் நீமோ’ அனிமேஷன் படத்தின் இரண்டாம் பாகமான ‘ஃபைண்டிங் டோரி’யைப் பற்றிப் பேச்சு வந்தாலே, “முதல் படம் அளவுக்கு இல்லை” என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். 2016இல் திரையரங்கிலிருந்து வெளியே வந்தபோது நானும் அதைத்தான் சொன்னேன். அப்போது மகனுக்கு ஏழு வயது. இரண்டு வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு அவனை மட்டும் அழைத்துப் போயிருந்தேன். வீட்டில் அவள் அழுகிறாளோ என்ற நினைப்பிலேயே பாதிப் படம் ஓடிவிட்டது. வண்ண வண்ணமாய் மீன்கள், ஏழு கையோடு ஓர் ஆக்டோபஸ், கடைசியில் ஒரு லாரித் துரத்தல். மகன் சிரித்தான், நானும் சிரித்தேன், அதோடு மறந்துபோனேன்.

அதே படத்தை இப்போது பதினைந்து முறைக்குக் குறையாமல் பார்த்திருப்பேன். அன்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்ளவே இந்தப் பதிவு.

அன்று வீட்டில் விட்டுப்போன மகளுக்கு இப்போது பதினொரு வயது. ஐந்தாம் வயதில் தெரிய ஆரம்பித்தது. காலையில் சொல்லிக்கொடுத்தது மதியம் இருக்காது. இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் முதல் வேலை போய்விடும். சோதனைகள், அறிக்கைகள், நீளமான ஆங்கிலப் பெயர்கள் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. ஒரு பள்ளியில், “இவளால் மற்ற பிள்ளைகளின் வேகம் குறையும்” என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவளும் அங்கேயேதான், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

படத்துக்கு வருகிறேன். 2003இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’வில் டோரி ஒரு துணைப் பாத்திரம். தொலைந்த மகன் நீமோவைத் தேடிப் போகும் மார்லின் என்ற மீனுடன் வழியில் ஒட்டிக்கொள்ளும் நீல மீன். எதையும் மறந்துவிடுவாள், அந்த மறதியை வைத்துத்தான் பாதி நகைச்சுவை. ஆனால் அதை ஏனோதானோ என்று செய்திருக்கவில்லை. நரம்பியல் உளவியலாளர் சாலி பாக்சென்டேல், சினிமாவில் நினைவிழப்பை எப்படிக் காட்டுகிறார்கள் என்று 2004இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார். பெரிய நடிகர்களை வைத்து எடுத்த எத்தனையோ படங்கள் தவறாகக் காட்டியதை இந்தக் கார்ட்டூன் மீன் சரியாகக் காட்டுகிறது என்று அதில் பாராட்டியிருந்தார். புதிதாக எதையும் மனதில் தங்கவைக்க முடியாத திணறல், பெயர்களைத் தவறவிடுவது, தனியாக விடப்பட்டதும் வரும் கலக்கம் எல்லாம் டோரியிடம் இருந்தன. நாம்தான் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அவள் எங்கிருந்து வந்தாள் என்று முதல் படத்தில் யாருமே கேட்பதில்லை. பதின்மூன்று வருடம் கழித்து அதைக் கேட்டவர், அவளை உருவாக்கிய இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டாண்டனேதான். 2012இல் முதல் படத்தை முப்பரிமாணத்தில் மறுவெளியீடு செய்வதற்காகத் திரும்பப் பார்த்தபோது, டோரியைப் பற்றிய கவலை தன்னைப் பிடித்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். இவள் மறுபடி தொலைந்தால் வீட்டுக்கு எப்படித் திரும்புவாள் என்ற கவலை. கற்பனை மீனுக்காக ஒரு மனிதர் இப்படிக் கவலைப்பட்டதால் பிறந்த படம் என்பதாலேயே எனக்கு அதன்மேல் மரியாதை அதிகம்.

படம் தொடங்கும்போது டோரி குட்டி மீன். உடம்பை விடக் கண்கள் பெரியவை. அம்மா ஜென்னியும் அப்பா சார்லியும் அவளுக்கு ஓர் அறிமுக வாக்கியம் கற்றுக்கொடுக்கிறார்கள்: தன் பெயரைச் சொல்லி, தனக்கு மறதி இருப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விளையாட்டாகவே நடக்கும் பயிற்சி அது. அடிநீரோட்டம் இழுத்துப்போகும் இடத்துக்குப் போகக் கூடாது என்பதைக்கூடப் பாட்டாக்கி வைத்திருக்கிறார்கள். நடுவில் குட்டி டோரி ஒரு கேள்வி கேட்கிறாள். நான் உங்களை மறந்துவிட்டால்? நீங்கள் என்னை மறந்துவிடுவீர்களா? அப்பாவும் அம்மாவும் அவளை அணைத்துக்கொண்டு ஒருபோதும் இல்லை என்கிறார்கள். அந்த இடத்தில் சார்லியின் முகத்தைப் பாருங்கள். பதிலைக் குழந்தைக்குச் சொல்கிறார். பயத்தைத் தனக்குள் வைத்துக்கொள்கிறார். அந்த முகத்தை நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

டோரி எப்படித் தொலைந்தாள் என்பது படத்தின் பிற்பாதியில்தான் தெரிகிறது. ஓர் இரவு ஜென்னி அழுகிறாள். நம் பெண் தனியாக எப்படிச் சமாளிப்பாள் என்று கணவனிடம் கேட்டு அழுகிறாள். தூங்குவதாக அவர்கள் நினைத்த குழந்தை அதைக் கேட்டுவிடுகிறது. அம்மாவுக்கு ஊதா நிறச் சிப்பி பிடிக்கும். ஒன்று கொண்டுவந்து கொடுத்தால் அழுகை நிற்கும் என்று கிளம்புகிறது. சிப்பி கிடந்தது நீரோட்டத்தின் ஓரத்தில்.

இந்தக் காட்சியை எழுதியவர்களுக்கு எங்களைப் போன்ற வீடுகளின் இரவு தெரிந்திருக்கிறது. நமக்குப் பிறகு இவளுக்கு யார்? இந்தக் கேள்வியை நாங்கள் பகலில் பேசுவதில்லை. பிள்ளைகள் படுத்த பிறகு, பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவே அடுக்களையில் பேசுவோம். ஒருநாள் அப்படிப் பேசி, இரண்டு பேரும் அழுது, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம். மறுநாள் விடியற்காலையில் மகள் தானே எழுந்து, தானே சீருடையை மாட்டிக்கொண்டு, பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டு, கூடத்தில் நின்றிருந்தாள். “இனிமேல் எல்லாவற்றையும் நானே செய்துகொள்வேன் அம்மா” என்றாள். அன்று ஞாயிற்றுக்கிழமை.

முந்தைய இரவு அவள் தூங்கவில்லை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. சில மாதங்கள் கழித்து அவளோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தபோது, அந்த ஊதாச் சிப்பிக் காட்சியில்தான் புரிந்தது. எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன்.

மார்லினைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய கணவாய் துரத்தி, நீமோ அதனிடமிருந்து மயிரிழையில் தப்பிய பதற்றத்தில், அந்த ஓரமாகப் போய் மறந்துகொண்டிரு, உனக்கு அதுதானே நன்றாக வரும் என்கிற பொருளில் டோரியிடம் ஒரு சொல் சொல்லிவிடுகிறார். அவர் கெட்டவர் இல்லை. டோரி இல்லாமல் தன் மகன் கிடைத்திருக்கமாட்டான் என்பதும் அவருக்குத் தெரியும். களைத்துப்போன நல்லவர்கள் வாயிலிருந்துதான் இப்படிப்பட்ட சொற்கள் வருகின்றன. நானும் சொல்லியிருக்கிறேன். கணக்குப் புத்தகத்தை மூன்றாவது முறையாகப் பள்ளியிலேயே விட்டுவந்த நாளில் சொன்னேன். வாய்ப்பாட்டை மறக்கிற என் மகள் அந்த வாக்கியத்தை இன்னும் மறக்கவில்லை. மார்லின் மீதிப் படம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டே நீந்துகிறார். நீமோ அதை அவருக்கு மறக்கவும் விடுவதில்லை. குழந்தைகள் படம் ஒன்று இதற்கு இத்தனை நேரம் ஒதுக்கியதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி அந்தச் சிப்பி வரிசை. கலிபோர்னியாவின் மோரோ பே கரையில் இருக்கும் கடல்வாழ் உயிரின நிலையத்தில்தான் டோரி பிறந்து வளர்ந்தாள். அங்கே போய்ச் சேரும்போது, உன்னைத் தேடிப் போன பெற்றோர் திரும்பவே இல்லை என்ற செய்திதான் கிடைக்கிறது. குழாய் வழியே திறந்த கடலில் வந்து விழுகிறாள். சுற்றிலும் இருட்டு, கடல்தாவரக் காடு. யாரைத் தேடி வந்தோம் என்பதே நழுவிக்கொண்டிருக்கிறது. மணல் இருக்கிறது, அங்கே போகலாம் என்று ஒவ்வோர் அடியாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நகர்கிறாள். மணலில் ஒரு சிப்பி. அடுத்து ஒன்று. அதற்கடுத்து ஒன்று. தலையை நிமிர்த்தினால், ஒரு சிறு வீட்டிலிருந்து நாலா திசையிலும் சிப்பி வரிசைகள் கதிர்போல விரிந்து கிடக்கின்றன. வயதான இரண்டு நீல மீன்கள் வாயில் சிப்பிகளோடு வருகின்றன.

பெற்றோரைப் பார்த்ததும் டோரி முதலில் என்ன செய்கிறாள்? மன்னிப்புக் கேட்கிறாள். எனக்குக் குறை இருக்கிறது, உங்களைத் தொலைத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று அழுகிறாள். இத்தனை வருடம் கழித்து வந்தவள் வாயில் முதலில் வருவது அதுதான். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. இந்தக் குழந்தைகள் பேசக் கற்றவுடனே மன்னிப்புக் கேட்கவும் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். டீச்சரிடம், அத்தையிடம், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம். யார் கற்றுக்கொடுத்தது? நாம்தான். ஜென்னியும் சார்லியும் அந்த மன்னிப்பை வாங்கிக்கொள்வதே இல்லை. நீ நினைவு வைத்திருந்தாய், உன் வழியில் வைத்திருந்தாய், அதனால்தான் எங்களைக் கண்டுபிடித்தாய் என்கிறார்கள். தாங்கள் வருடக்கணக்கில் தினமும் சிப்பி அடுக்கியதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை. அவளால் முடிந்தது சிப்பியைப் பின்தொடர்வது; தங்களால் முடிந்தது அதை அடுக்குவது. அவ்வளவுதான்.

இரண்டும் ஒரே கதை என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் படம் தேடிப் போகிற தகப்பனின் கண்ணால் பார்த்தது. இது தொலைந்தவளின் கண்ணால் பார்க்கிறது. தொலைந்தவள் வந்து சேர்வதற்கு அவளுடைய முயற்சி மட்டும் போதாது, வீடு தன் பங்குக்கு வாசலுக்கு வெளியே பல அடி தூரம் நீண்டிருக்க வேண்டும் என்று சொல்கிறது. முதல் படத்தில் இது இல்லை.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. எனக்கு வலித்த குறை. கிட்டப்பார்வை உள்ள திமிங்கிலச் சுறா டெஸ்டினி, எதிரொலியால் வழியறியும் திறன் போய்விட்டது என்று நம்பும் பெலுகா திமிங்கிலம் பெய்லி, ஒரு கையை இழந்த ஆக்டோபஸ் ஹேங்க் என்று, ஏதோ ஒன்று குறைந்தவர்களையெல்லாம் இவ்வளவு அன்போடு வைத்திருக்கும் அதே படம், ஜெரால்டு என்ற கடல் சிங்கத்தை மட்டும் கேலிப் பொருளாக்கிவிட்டது. பாறையில் ஏற வரும் அவனை அங்கே படுத்திருக்கும் வேறு இரண்டு கடல் சிங்கங்கள் விரட்டுகின்றன, அரங்கு சிரிக்கிறது. பெக்கி என்ற பறவைக்கும் ஏறக்குறைய அதே கதி. என் மகள் அந்த இடத்தில் சிரிப்பதில்லை. அவனை ஏன் உட்காரவிடவில்லை என்று ஒருமுறை கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. படத்தை எடுத்தவர்களிடமும் இருந்திருக்காது. கடைசி லாரித் துரத்தலும் தேவைக்கு மேல் நீளம்தான். அதை மன்னித்துவிடலாம், ஜெரால்டை மன்னிக்க முடியவில்லை.

படக்குழுவுக்கு மனதை மாற்றிக்கொள்ளத் தெரியும் என்பதாலேயே இதைச் சொல்கிறேன். சிறைப்பட்ட கொலைகாரத் திமிங்கிலங்களைப் பற்றிய ‘பிளாக்ஃபிஷ்’ என்ற ஆவணப்படம் 2013இல் வந்தது. அதைப் பார்த்த பிறகு இந்தப் படத்தின் முடிவையே மாற்றினார்கள் என்பது அப்போதே பத்திரிகைகளில் வந்த செய்தி. மாற்றிய கதையில் அந்த நிலையம் மீட்டு, குணப்படுத்தி, கடலில் விடும் இடம். கண்ணாடித் தொட்டியில் யாரும் தொடாமல் தனியே இருந்துவிட ஆசைப்பட்ட ஹேங்க்கூடக் கடைசியில் பவளப் பாறைக்கு வந்து சேர்கிறான், அதுவும் முணுமுணுத்துக்கொண்டே. நீமோவின் குடும்பத்தில் டோரி சேர்ந்தாள். டோரியின் குடும்பத்தில் நீமோவும் மார்லினும் சேர்ந்தார்கள். ஹேங்க், டெஸ்டினி, பெய்லி எல்லோரும் சேர்ந்தார்கள். பெற்றோர் கிடைத்துவிட்டார்களே என்று அவள் பழைய உறவை விட்டுவிடவில்லை என்பது என் மாமியாருக்கு ரொம்பப் பிடித்த விஷயம். “வளர்த்தவனையும் விடவில்லை பார்” என்றார்.

பள்ளி வேன் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மூன்று திருப்பங்கள். ஒரு வருடமாகச் சொல்லிக்கொடுத்தும் ‘இடது, வலது’ அவளிடம் நிற்கவில்லை. இப்போது அப்படிச் சொல்வதில்லை. முதலில் இஸ்திரி வண்டி, பிறகு வேப்பமரத்துப் பிள்ளையார், பிறகு நீலக் கேட். இஸ்திரிக்காரர் ஊருக்குப் போகிற நாளில் முதல் நாளே வந்து சொல்லிவிட்டுப் போவார்; அன்று மட்டும் நான் போய் அழைத்துவருவேன். மற்ற நாள்களில் அவளே வருகிறாள். நான் மாடியில் துணி காயப்போடுவதுபோல நின்றுகொண்டிருப்பேன்.

போன மாதம் அவள் அப்பா வேலை விஷயமாக வெளியூர் போய்விட்டுப் பத்து நாள் கழித்துத் திரும்பினார். அன்று மாலை, பாட்டியின் பல்லாங்குழிப் பெட்டியிலிருந்த சோழிகள் அத்தனையையும் எடுத்து, கேட்டிலிருந்து வாசற்படி, கூடம், அவர் படுக்கும் கட்டில் வரை ஒவ்வொன்றாக வரிசை வைத்தாள். சோழி போதவில்லை, கடைசி நாலைந்து அடிக்குப் புளியங்கொட்டை. எதற்கு என்று கேட்டேன். “அப்பா ரொம்ப நாள் ஆகிவிட்டதே, வழி மறந்திருந்தால்?” என்றாள். காலில் குத்தும் என்று பாட்டி சொல்லியும் எடுக்கவிடவில்லை. அவர் வந்தபோது இரவு பதினொரு மணி. கேட்டைத் திறந்தவர் தெருவிளக்கு வெளிச்சத்தில் கீழே பார்த்துவிட்டு, பெட்டியை வெளியிலேயே வைத்தார். ஒரு சோழியையும் மிதிக்காமல், பக்கவாட்டில் அடி வைத்து அடி வைத்து, கட்டில் வரைக்கும் வந்தார்.