அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. வீடியோவை எல்லோரும் பார்த்தாகிவிட்டது. என் பழைய எம்ஜிபி கார் ரோட்டோரம் நிற்கிறது, நான் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முழிக்கிறேன், பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணே, இன்னுமா கார்புரேட்டர்? இன்ஜெக்ஷன் போட்டுட்டு நிம்மதியா இருங்கண்ணே." அப்புறம் அந்தச் சிரிப்பு. தெரியாதவர்களுக்கு: கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பழைய காலத்துக் கருவி, இன்ஜெக்ஷன் என்பது பெட்ரோலை அளந்து அழுத்தத்தில் பீய்ச்சுவது. சிரித்தவர்களில் இரண்டு பேர் என் கேரேஜில் ராத்திரி பன்னிரண்டு மணி வரை என் ஸ்பானரை வாங்கி வேலை பார்த்தவர்கள். சரி, போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். வண்டி நின்றதற்குக் காரணம் கார்புரேட்டர் இல்லை. கண்டென்சர். ப்ளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் விரல் நுனி அளவில் உட்கார்ந்திருக்குமே, தீப்பொறி வலுவாக வர உதவும் அந்தச் சின்ன டப்பா. சூடானால் செத்துப்போகும், அரை மணி நேரம் ஆறினால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் சூட்டில் ஆவியாகி லைனை அடைத்தாலும் இதே கதைதான் நடக்கும். அதனால்தான் அங்கே கூடியிருந்த நீதிபதிகள் எல்லோரும் ஒரே நிமிஷத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ராத்திரி வீட்டில் இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்ததும் ஒரு ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன். தீப்பொறி நீலமாக, பளீரென்று வர வேண்டியது, மஞ்சளாகச் சோகை பிடித்து வந்தது. தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும் பாயிண்டின் முகம் கருகிக் குழி விழுந்திருந்தது. மூன்று மாதத்துக்கு முன் போட்ட புதுக் கண்டென்சர்! டிக்கியில் கிடந்த பழையதை எடுத்து மாட்டினேன், பாயிண்டைத் தேய்த்து நடுவில் இடைவெளியைச் சரியாக வைத்தேன், இன்றுவரை ஓடுகிறது. கார்புரேட்டரில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை. திரும்பவும் சொல்கிறேன், ஒரு ஸ்க்ரூவைக்கூட.

"இன்ஜெக்ஷன் போட்டிருந்தால் கூடவே இக்னிஷனும், அதாவது தீப்பொறி வேலையும், ஈசியூ என்ற கம்ப்யூட்டருக்குப் போயிருக்கும், கண்டென்சரே இருந்திருக்காது" என்று ஒருவர் வருவார், தெரியும். சரி, அப்படியானால் இக்னிஷனை மாற்றச் சொல்லுங்கள். பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் அந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடங்கிவிடும், வெளியே தெரியவும் தெரியாது. பல்வலிக்கு ஏன் காலை வெட்டச் சொல்கிறீர்கள்?

எனக்கு இந்த வேலை கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவர் இருந்தார். இப்போது இல்லை. யார் வந்து "கார்புரேட்டர் மக்கர் பண்ணுது" என்றாலும் "முதல்ல நெருப்பைப் பாரு, அப்புறம் பெட்ரோலைப் பாரு" என்பார். பத்து வண்டியில் ஏழு வண்டி நெருப்பிலேயே சரியாகிவிடும். ட்வின் எஸ்யூவை, அதாவது என் வண்டியில் இருக்கும் ஜோடி எஸ்யூ கார்புரேட்டரை, அவர் ட்யூன் செய்வதைப் பார்க்க வேண்டும். ஒரு முழ ரப்பர் குழாய், ஒரு முனை காதில், மறு முனை கார்புரேட்டர் வாயில். இந்தப் பக்கம் உஸ்ஸ், அந்தப் பக்கம் உஸ்ஸ். இரண்டும் ஒரே சுருதியில் வரும்வரை த்ராட்டில் ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். அப்புறம் அடியில் இருக்கும் பின்னை அழுத்தி, கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் தூக்குவார். இன்ஜின் வேகமெடுத்து அந்த வேகத்திலேயே ஓடினால் ரிச், பெட்ரோல் அதிகம். தள்ளாடி அணையப் பார்த்தால் லீன், பெட்ரோல் குறைவு. லேசாக ஏறி அடங்கினால் சரி. பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெட் நட்டை ஒரு தடவைக்கு ஒரு பட்டை, ஆறு முகத்தில் ஒரு முகம், மட்டும்தான் திருப்ப வேண்டும். இரண்டு பட்டை திருப்பினால் கையில் அடி விழும். லேப்டாப் கிடையாது, சென்சார் கிடையாது. அந்தக் குழாய் இப்போது என் டிக்கியில் இருக்கிறது. வீடியோவில் "என்ன அண்ணே, ஸ்டெதஸ்கோப்பா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்களே, அதுதான்.

பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பற்றிக் கேட்பீர்கள். நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். அது பழைய ரப்பரைத் தின்கிறது, தண்ணீரை இழுக்கிறது, கலவையை லீன் ஆக்குகிறது. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் லாம்ப்டா சென்சார் வைத்த இன்ஜெக்ஷன் அதைத் தானே சரிசெய்துகொள்ளும், என் எஸ்யூ செய்யாது. அதனால் ஹோஸ் எல்லாம் மாற்றினேன், நட்டை ஒரு பட்டை இறக்கினேன், முடிந்தது. மலை ஏறினால் ரிச் ஆகுமே என்றால், ஆகும். நான் மலை ஏறுவது வருஷத்துக்கு ஒரு தடவை. மைலேஜ்? இந்த வண்டியை வாங்கியவனிடம் மைலேஜ் கேட்காதீர்கள். புகை விஷயத்தில் மட்டும் நான் வாயைத் திறக்க முடியாது. இன்ஜெக்ஷன்தான் சுத்தம். வீட்டிலும் பெட்ரோல் வாசனை பற்றி ஒரு புகார் ரொம்ப நாளாக நிலுவையில் இருக்கிறது.

ஆனால் இன்ஜெக்ஷன் என்றால் ஏதோ அறிவுக்கும் கார்புரேட்டர் என்றால் அறியாமைக்கும் அடையாளம் மாதிரிப் பேசுவதுதான் தாங்கவில்லை. மெர்சிடிஸ் 300 எஸ்எல் 1954லேயே இன்ஜெக்ஷனோடு வந்தது. 1957 கார்வெட்டிலும் கேட்டு வாங்கலாம். அந்த 300 எஸ்எல்லில் யாராவது கார்புரேட்டர் மாட்டினால் நானே முதல் ஆளாகச் சண்டைக்கு வருவேன். பிறந்தபடி இருக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான். மறுபக்கக் கதையும் உண்டு. பிரிட்டனில் விற்ற ட்ரையம்ஃப் டிஆர்6 இன்ஜெக்ஷனோடு பிறந்த வண்டி, பெட்ரோல் பம்ப் சூடாகிப் படுத்துக்கொள்ளும் என்று பேர் வாங்கியது. எத்தனை பேர் அதைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டர் மாட்டினார்கள்! அவர்களைப் பார்த்து யாரும் வீடியோ எடுக்கவில்லை.

மாற்றுவது ஒரு பெட்டியை மாட்டுவது போலப் பேசுகிறார்கள். என் பெட்ரோல் பம்ப் தரும் அழுத்தம் 3 பிஎஸ்ஐ. இன்ஜெக்ஷனுக்கு 40க்கு மேல் வேண்டும். பம்ப் மாறும், லைன் மாறும், டேங்குக்கு ரிட்டர்ன் லைன் வேண்டும், திருப்பத்தில் பம்ப் காற்றை இழுக்காமல் இருக்க ஏற்பாடு வேண்டும். ஐம்பது வருஷப் பழைய ஒயரிங்கில் ஈசியூவை மாட்டிவிட்டு, நடுரோட்டில் ஒரு கனெக்டர் பச்சை பூத்து நின்றால் அங்கே எந்தக் குழாயைக் காதில் வைப்பீர்கள்?

இதில் உச்சம் என்ன தெரியுமா? கேமராவுக்குப் பின்னால் அறிவுரை சொன்ன தம்பியின் வண்டியில் இருப்பது வெப்பர் கார்புரேட்டர் மாதிரியே வேஷம் கட்டின த்ராட்டில் பாடி. பானெட்டைத் திறந்தால் அச்சு அசல் கார்புரேட்டர், உள்ளே இன்ஜெக்டர். கார்புரேட்டர் அவ்வளவு கேவலம் என்றால் அதன் முகமூடி எதற்குத் தம்பி? நன்றாக ஓடுகிறது, அழகாகவும் இருக்கிறது, நானே பாராட்டியிருக்கிறேன். உன் வண்டி பெல்ட் அறுந்து நின்ற அன்று நான் போனை வெளியே எடுக்கவில்லை. ஜாக்கைத்தான் எடுத்தேன்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். சரி, கோபம்தான். அன்று கூட்டத்தில் ஒருவர்கூட "ஸ்பார்க் பார்த்தீங்களா?" என்று கேட்கவில்லை. இருபது பேர் வண்டிக்காரர்கள், ஒரு ப்ளக் ஸ்பானர் வெளியே வரவில்லை.

வீடியோவை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். இருக்கட்டும். கீழே ஒரே ஒரு வார்த்தை மட்டும் சேர்த்துவிடு தம்பி: கண்டென்சர். அடுத்த ஞாயிறு அதே வண்டியில்தான் வருகிறேன்.